உயிரினங்கள் ஆக்கிய மணல்: குருசடைத் தீவு

வாளையாற்றுப் படுகையில் கிடக்கும் மணல் மலையின் துகளாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் வெயிலாலும் மழையாலும் வெடித்து, ஓடையில் உருண்டு, ஒன்றோடொன்று உரைந்து நொறுங்கிக் கல்பாத்திப் புழையின் வழியாகப் பாரதப்புழையை அடைகின்றன; முடிவில் பொன்னானிக்கு அருகே அரபிக் கடலைச் சேருகின்றன. இம்மணலின் பெரும்பகுதி படிகக்கல். அதன்மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் யாதொரு மாறுதலும் பொதுவாகத் தோன்றுவதில்லை.

இராமேசுவரத்தை அடுத்துள்ள குருசடைத் தீவின் கரையில் கிடக்கும் வெண்மணலின் பிறப்பு வேறு. அதில் படிகக்கல் துகள்கள் கலந்திருப்பினும், மிகுதியான பகுதி உயிரினங்களின் உடலில் உருவான சுண்ணாம்பு. பவளப் பிராணிகளின் கூடு, சிப்பி சங்குகளின் ஓடு, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் போராமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடு, ஹாலிமெடா என்னும் பச்சைப் பாசி இறந்தபின் எஞ்சும் தகடு ஆகியவை அலையில் அரைபட்டு மணலாகியிருக்கின்றன. அமிலம் பட்டால் இத்தகைய மணல் நுரைத்துக் குமிழிவிடும். ஒன்று மலை தேய்ந்ததனால் கிடைத்தது. மற்றொன்று கடலில் உயிர்கள் வாழ்ந்து இறந்ததனால் கிடைத்தது. ஆற்றுமணலுக்கு மலை இருந்தால் போதும். தீவு மணலுக்கோ, அதனை ஆக்கும் உயிர்கள் அருகே தொடர்ந்து வாழ்தல் வேண்டும். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து மாணவரை அழைத்துக்கொண்டு கிழக்கே செல்லும் ஆசிரியர்கள், கோயிலையும் பாம்பன் பாலத்தையும் காட்டுவதுடன் நில்லாமல் இத்தீவையும் காட்ட முற்படுவது நன்று. புவியியல், பிராணி நூல், தாவர நூல் ஆகிய மூன்றையும் ஒரே கரையில் கற்பிக்கத்தக்க இடங்கள் நம் நாட்டில் மிகப் பலவல்ல.

மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டியவாறு, 21 சிறு தீவுகள் ஒரு வரிசையாக அமைந்துள்ளன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று அவற்றை நான்கு தொகுதிகளாகப் பிரித்துக் கூறுவர். மண்டபம் தொகுதியைச் சேர்ந்தது குருசடை. அதன் பரப்பு ஏறத்தாழ 66 ஹெக்டேர்; அதாவது 160 ஏக்கருக்குச் சற்று மேல். 1986-ஆம் ஆண்டில் இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 560 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 1989-இல் வளைகுடாவின் 10,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. தாவரங்களும் பிராணிகளுமாக 3,600-க்கு மேற்பட்ட இனங்கள் இங்குக் கணக்கெடுக்கப்பட்டுள்ளன.

பூங்காவின் தீவுகளில் விரும்பியவாறு இறங்க எவருக்கும் உரிமை இல்லை. குருசடைக்கு மட்டும் பாம்பனை அடுத்த குந்துக்காலிலிருந்து வனத்துறையினர் தம் படகில் பார்வையாளரை அழைத்துச் செல்லும் ஏற்பாடு அண்மை ஆண்டுகளில் செய்யப்பெற்றுள்ளது. 1897-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் மேலை நாடுகளிலிருந்து திரும்பி இறங்கிய துறை இக்குந்துக்காலே. நினைவு மண்டபத்தைக் காண வருவோர் பலருக்கு எதிரே தெரியும் பசுமைக் கோட்டின் பெயர்கூடத் தெரியாது.

விஞ்ஞானிகளுக்கோ அப்பெயர் நெடுநாளாகப் பழக்கமானது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமேசுவரக் கடலின் பிராணிகளைச் சேகரித்தார். முத்துக் குளிப்பையும் சங்கு குளிப்பையும் பற்றிய அவருடைய நூல் 1890-இல் வெளிவந்தது. சென்னை மாகாண மீன்துறையின் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல் முத்துச் சிப்பியை ஆராய்ந்தவர். அவருடைய துறையினர் குருசடையை ஓர் ஆய்வுநிலையமாகவே பயன்படுத்தினர். 1927-இல் கிரேவ்லி என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட நூல், இத்தீவின் கரையோரப் பிராணிகளை வகைவகையாக விவரிக்கின்றது. அதில் எழுதியவர்களுள் ஒருவர் பி. சுந்தரராஜ். ஒரு சிறு தீவின் உயிர்களைப் பற்றி அவ்வளவு விரிவான ஏடு அக்காலத்து இந்தியாவில் அரிது. அன்று எவை இருந்தன என்று தெரிந்தால்தான் இன்று எவை குறைந்தன என்று கூற இயலும். எனவே அந்நூலின் பயன் நாளுக்கு நாள் கூடிவருகின்றது. 1949 முதல் 1971 வரை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் எதிர்க்கரையிலுள்ள மண்டபம் முகாமில் இருந்தமையால், குருசடையை நாடிய ஆராய்ச்சியாளர் தொகை மேலும் பெருகிற்று.

கல்லூரி மாணவர்களுக்குக் குருசடையைப் பரிச்சயமாக்கியது ஒரு புழு. பெலனோகிளாசஸ் என்ற பெயரைப் பிராணி நூல் பயின்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வகையைச் சேர்ந்த டைக்கோடெரா பிளேவா என்பது இங்குள்ள ஆழமற்ற மணலில் வளை அமைத்து வாழ்கின்றது. உடலின் முன்னே துதிக்கை போன்ற ஒரு குமிழ், அதனை அடுத்துக் கழுத்துப்பட்டை, பின்னர் நீண்ட உடல் என மூன்று பகுதிகள். தொண்டையில் செவுள் துளைகள் உண்டு. இது மணலை விழுங்கி, அதிலுள்ள உணவுப்பொருளை மட்டும் ஏற்று, எஞ்சிய மணலை இடியாப்பம் பிழிந்தாற் போலச் சுருள் சுருளாக வளைவாயிலில் வெளியேற்றுகின்றது. தண்ணீர் வற்றிய வேளையில் இச்சுருள்களைக் கண்டே புழுவின் இருப்பிடத்தை அறிவர். கையில் எடுத்தால் துண்டு துண்டாகிவிடும் அளவிற்கு அது மென்மையானது. அயோடோபாரம் போன்ற கடுமையான நாற்றம் வீசும்.

முதுகெலும்பில்லாப் பிராணிகளுக்கும் முதுகெலும்புள்ளவற்றிற்கும் இடைப்பட்ட பாலமாக இதனைக் கருதி, முதுகுநாணிகளின் கூட்டத்திலேயே பழைய பாடநூல்கள் வைத்தன. இன்று அக்கருத்து மாறிவிட்டது. அரைநாணிகள் என்னும் தனித் தொகுதியாக இவை பிரிக்கப்பட்டுள்ளன. இவற்றிற்கு மிக நெருங்கிய உறவு நட்சத்திர மீன், கடல் அட்டை முதலான முட்தோலிகளுடன் என்பது தெளிவாகியிருக்கின்றது. 2015-இல் இதே இனத்தின் மரபணுத் தொகுதியை விஞ்ஞானிகள் வெளியிட்டபோது, செவுள் துளைகளை அமைக்கும் மரபணுக்களின் ஒரு தொகுப்பு இப்புழுவிற்கும் மீன் முதலியவற்றிற்கும் பொதுவாக இருப்பது புலனாயிற்று. பாலம் என்ற பழைய உவமை கைவிடப்பட்டாலும், உறவு பொய்யாகவில்லை. பழைய குறிப்பேட்டைக் கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இவ்விடத்தைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

மணலை உண்டு வாழ்வது இப்புழு ஒன்று மட்டுமன்று. கடல் அட்டையும் அடிமணலை உட்கொண்டு, சத்தை எடுத்துக்கொண்டு, தூய மணலைக் கழிக்கின்றது. உலர்த்திய கடல் அட்டைக்கு அயல்நாடுகளில் நல்ல விலை உண்டாதலால் அளவின்றிப் பிடிக்கப்பட்டது; 2001-இல் அதனைப் பிடிப்பதற்குத் தடை வந்தது. மறைவாகக் கடத்துவது இன்றும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. கிளி மீன் இன்னும் விந்தையானது. கிளியின் அலகு போன்ற பற்களால் பாறையைக் கொறித்துப் பாசியை உண்டு, கல்லைத் தொண்டையிலேயே அரைத்து மணலாகக் கழிக்கின்றது. பெரிய கிளி மீன் ஒன்று ஓர் ஆண்டில் சில நூறு கிலோகிராம் மணலை ஆக்கக்கூடும் என்று மாலத்தீவு ஆய்வுகள் காட்டுகின்றன. கடற்கரை மணலில் விளையாடும் குழந்தைகளுக்கு இதனைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆயினும் மறக்க மாட்டார்கள்.

மணல் பிறப்பது ஒரு பாதி. அது ஓரிடத்தில் தங்குவது மறுபாதி. தங்கவைப்பவை இரண்டு. கரைமேல் செடிகொடிகள், கரைக்கு வெளியே பார்.

அகராதிக்காரர்கள் பவளப்பாறை என்று எழுதுகின்றனர். இக்கரை மீனவர்கள் கடலடி மேட்டைப் பார் என்பர். முத்துப்பார் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. சுண்ணாம்பிற்காக வெட்டியெடுத்த பவளக் கல்லுக்கு முருகைக்கல் என்று பெயர். மொழிபெயர்ப்பில் புதுச்சொல் படைக்க முனைவோர், இவ்விரு சொற்களும் வழக்கில் உயிருடன் இருப்பதைக் கருதுதல் தகும்.

மணற்கரையின் செடிகளில் அடும்பு முதன்மையானது. ஆட்டின் குளம்பு போன்று பிளவுபட்ட இலையும் செங்கருநீல மலரும் உடைய இக்கொடி சங்கப் புலவர்களின் நெய்தல் நிலத்திற்கு உரியது. கணுதோறும் வேர்விட்டுப் படர்ந்து, காற்றில் பறக்கும் மணலை வலைபோலப் பிடித்து வைக்கின்றது. இராவணன் மீசை என்னும் முட்புல் இவ்வளைகுடாவின் மணல்மேடுகளில் இதே பணியைச் செய்கின்றது. அதன் உருண்டைக் கதிர்கள் காற்றில் உருண்டோடி விதையைப் பரப்பும். தீவின் சேற்றுப் பாங்கான ஓரங்களில் கண்டல் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து ஆணிகள் போல நீட்டிக்கொண்டிருப்பதைத் தாவர நூல் ஆசிரியர்கள் படத்தில் காட்டுவதைவிட நேரில் காட்டுவது எளிது. நிழலில் நின்று மணலை நோக்கினால் துறவி நண்டுகள் பிறர் கைவிட்ட சங்கைச் சுமந்து செல்வதும், பேய் நண்டுகள் நிழல் அசைந்தவுடன் குழிக்குள் மறைவதும் தெரியும்.

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் உப்புக்கொத்திகளுக்கும் உள்ளான்களுக்கும் இத்தீவுகளின் சேற்றுத் திட்டுகள் உணவுக்களம். பக்கத்துத் தீவான மனோலிக்கு நண்டையே உணவாகக் கொண்ட நண்டுதின்னிப் பறவையும் வருகின்றது. ஆலாக்களிற் சில வெறும் மணலில் முட்டையிடுவன. முட்டையின் நிறமும் மணலின் நிறமும் ஒன்றாதலால், காலடியில் மிதிபட்ட பின்னரே அங்கு முட்டை இருந்தது தெரியவரும். கடலாமைகளுக்கும் மணலே அடைகாக்கும் கூடு. முட்டை இட்ட இடத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 29 பாகை சென்டிகிரேடிற்கு மேற்பட்டால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. ஆகவே கரையிலுள்ள நிழலை அகற்றுவதுகூடப் பிறக்கும் ஆமைகளின் ஆண் பெண் விகிதத்தை மாற்றவல்லது. தீவைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் கடற்புல் வெளிகள் பரந்துள்ளன. மீனவர்கள் ஆவுளியா என்று வழங்கும் கடற்பசு இப்புல்லையே மேய்வது. அதனை நேரில் காணும் பேறு மிகச் சிலருக்கே வாய்க்கும். பார்வையாளர் அதனை எதிர்பார்த்து ஏமாற வேண்டியதில்லை.

இனிப் பாரின் பணி. தென்கடலிலிருந்து வரும் அலை பாரில் மோதி வலிமை இழந்த பின்னரே தீவின் கரையை அடைகின்றது. அவ்வேலி நீங்கினால் என்ன நேரும் என்பதைக் காட்டக் கருத்தளவில் வாதிட வேண்டிய தேவையில்லை. இந்த 21 தீவுகளின் பட்டியலே காட்டும். தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லியும் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கு மேல் இல்லை. காரைச்சல்லித் தீவு 1969-இல் 20 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்புடையதாயிருந்தது. 2024-இல் அதில் நான்கில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. சல்லி என்பது நொறுங்கிய சிறு கல்லைக் குறிக்கும் சொல். அப்பெயர் கொண்ட தீவுகள் எதனால் ஆனவை என்பதைப் பெயரே நினைவூட்டுகின்றது.

பல பத்தாண்டுகளாக இக்கடலில் முருகைக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. வீட்டுச் சுவருக்கும், காளவாயில் சுட்ட சுண்ணாம்பிற்கும், பிற்காலத்தில் தொழிற்சாலைகளுக்கும் அது பயன்பட்டது. வேதியியல் நோக்கில் இது வியப்பன்று. வாளையார் மலைப்பகுதியில் சுண்ணாம்புக் கல்லை வெட்டிச் சிமெண்டு செய்ய மலபார் சிமெண்ட்ஸ் ஆலை எழுந்ததும் இதே கால்சியம் கார்பனேட்டிற்காகத்தான். ஆனால் மலைக்கல்லை வெட்டினால் பள்ளம் விழும். கடலில் பாரை வெட்டினால் வேலி விழுந்து, அதன்பின் தீவும் விழும். கல் எடுத்தவர்கள் அன்றாடக் கூலிக்கு உழைத்த கரையோர மக்கள் என்பதையும், அக்கல்லை வாங்கியவர்கள் ஊருக்குள் இருந்தார்கள் என்பதையும் மறத்தல் கூடாது. 2001-இல் பவளப் பிராணிகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2005-க்குப் பின் கல்லெடுப்பு ஏறத்தாழ நின்றுபோயிற்று. பெரும்பாலான பவளக் கட்டிகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வன. ஒரு நாளில் கடப்பாரையால் பெயர்த்த கல் மீண்டும் அவ்வளவாக வளர ஒரு மனிதனின் ஆயுள் போதாது.

தூத்துக்குடிக்கு அருகேயுள்ள வான் தீவும் மூழ்கும் நிலைக்கு வந்திருந்தது. அதனைக் காப்பதற்குத் தமிழ்நாடு அரசு 2015-ஐ ஒட்டிச் செயற்கைப் பார் அமைக்கும் வேலையை மேற்கொண்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கு கொண்டன. மேலே குறுகி அடியில் அகன்ற, துளைகளுடன் கூடிய கான்கிரீட்டு அமைப்புகளைத் தீவின் கடற்பக்கத்தில் வரிசையாக இறக்கினர். முழுச்சுவராக இருப்பின் அலை மோதித் திரும்பி அடிமணலை அரித்துவிடும். துளை இருப்பதனால் நீர் ஊடே சென்று, வேகம் மட்டும் குறைகின்றது. வேகம் குறைந்த நீர் தான் சுமந்த மணலை அங்கேயே விட்டுவிடுகின்றது. சில ஆண்டுகளுக்குள் வான் தீவின் கரையில் மணல் மீண்டும் சேரத் தொடங்கிற்று. துளைகளில் மீன்கள் குடியேறின. கான்கிரீட்டின் மேல் பவளக் குஞ்சுகளும் ஒட்டின. காரைச்சல்லிக்கும் இப்பொழுது இதே முறை கையாளப்படுகின்றது. இயற்கை இலவசமாகச் செய்துவந்த பணிக்குப் பெரும் பொருட்செலவு ஆகின்றது என்பதை எடுத்துக்கூறும் பொறுப்பு களப்பணியாளருடையது.

குருசடையில் தீங்கு வேறொரு வழியில் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி, கராஜீனன் என்ற கூழ்ப்பொருளுக்காக இக்கரையில் மூங்கில் மிதவைகளில் பயிரிடப்படுகின்றது. பற்பசை முதல் பனிக்கூழ் வரை பலவற்றில் அப்பொருள் சேருகின்றது. கரையோரப் பெண்கள் பலருக்கு இப்பயிர் வருவாய் தருவதால் இதனை எளிதில் பழித்துவிட இயலாது. ஆயினும் அதன் சிறு துண்டு ஒடிந்து சென்றாலும் தனிச் செடியாக வளர்ந்துவிடும். குருசடையின் உயிருள்ள பவளங்கள்மேல் அது போர்வைபோலப் படர்ந்து ஒளியை மறைத்துக் கொல்வதை ஆராய்ச்சியாளர் 2008-இல் வெளியிட்டனர். அதுமுதல் வனத்துறையினர் ஊராரின் துணையுடன் அதனைக் கையால் களைந்து வருகின்றனர். வயலில் களை எடுப்பது போன்ற வேலைதான். ஆனால் மூச்சடக்கி நீருக்குள் செய்யவேண்டியது.

இவற்றிற்கெல்லாம் மேலானது வெப்பம். பவளப் பிராணியின் திசுவில் குடியிருக்கும் நுண்பாசி அதற்கு உணவும் நிறமும் அளிக்கின்றது. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடேறிச் சில வாரங்கள் நீடித்தால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பேரளவில் வெளுத்தன. இதற்குத் தீவின் எல்லைக்குள் மருந்து இல்லை.

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் நெடுங்காலமாக இத்தீவுகளின் அருகே மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி முதலியவற்றைச் சேகரித்து வாழ்பவர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பறிப்பர். தேசியப் பூங்கா வந்தபின் அவர்களுக்கும் வனத்துறையினருக்கும் பல பிணக்குகள் எழுந்தன. காலப்போக்கில், மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பறிப்பது என்று பெண்களே தங்களுக்குள் வரையறுத்துக்கொண்டனர். ஏனைய நாள்களில் பாசி மீண்டும் தழைக்கின்றது. பாதுகாப்பு என்பதைக் காவலும் அபராதமுமாக மட்டும் எண்ணும் களப்பணியாளர், இப்பெண்களிடம் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தால் பல செய்திகள் கிடைக்கும்.

தீவைக் காண வரும் பள்ளிக் குழுவினர் அங்கிருந்து ஓடு, பவளத் துண்டு, மணல் எதனையும் எடுத்துவருதல் சட்டப்படி குற்றம். கல்லூரிகளின் கண்ணாடிச் சாடிகளுக்காகப் பெலனோகிளாசசைத் தோண்டிய காலமும் முடிந்துவிட்டது. ஒரு கைக்கண்ணாடியை உடன்கொண்டு சென்றால் மணலைக் கிடந்த இடத்திலேயே பார்க்கலாம்: உருண்ட பளிங்குத் துகள் எது, துளைகள் தெரியும் பவளத் துகள் எது, ஓட்டின் வளைவு உடைய துகள் எது என்று மாணவர் எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். அமிலச் சோதனையைப் பள்ளிக்குத் திரும்பிய பின்னர், சுண்ணாம்புக்காக விற்கும் கிளிஞ்சலைக் கொண்டு செய்யலாம். நொறுக்கிய கிளிஞ்சல் ஒரு கிண்ணத்திலும், வாளையாற்று மணல் மற்றொரு கிண்ணத்திலும் இட்டு, இரண்டிலும் காடியை ஊற்றினால் வேறுபாடு உடனே விளங்கும்.

செல்லும் காலத்தையும் ஆராய்ந்து தேர்தல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது வடகடலாகிய பாக்கு நீரிணைப் பக்கம் அமைதியாயிருப்பதால் மீனவர் படகுகள் அங்கு மாறிவிடும். வடகிழக்குப் பருவத்தில் இந்நிலை தலைகீழாகும். பொங்கல் கழிந்து பங்குனி வரையுள்ள நாள்களில் தென்கடல் பெரும்பாலும் தெளிந்து நிற்கும். வலசைப் பறவைகளும் திரும்பிச் சென்றிரா. படகு செல்லுமா என்பதை அன்றைய காற்றைப் பார்த்து வனத்துறையினரே முடிவு செய்வர். ஆகவே பயணத் திட்டத்தில் ஒரு நாளை மிகையாக வைத்துக்கொண்டு, வற்றம் எந்நேரம் என்பதைக் குந்துக்கால் மீனவர்களிடம் முன்கூட்டியே கேட்டறிந்து புறப்படுவது நலம்.